விரல் தெரிகிற தரம்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அத்தை நான்கு முறை படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்து, அதைக் கையால் சொல்லிக் காட்டச் சொன்னாள். எழுத்தில் படித்தால் அவளுக்கு அது வெறும் செய்தி. கையில் பார்த்தால்தான் நம்புவாள்.

சொன்னேன். காது கேளாத குழந்தைகளின் பள்ளி. ஐந்திலிருந்து எட்டு வயது வரை. அவர்களுக்குச் சைகையில் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். பட்டம் வேண்டாம். கதை சொல்வதைப் படம் பிடித்து, ஒரே ஒரு டிஸ்க்கில் அனுப்பினால் போதும். வரும் சனிக்கிழமை பிற்பகல் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார்கள். அத்தையோடு சேர்த்து நான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். பிள்ளைகள் யாரைக் கேட்கிறார்களோ அவருக்கு வேலை.

அத்தை பன்னிரண்டு வருடமாக மருந்துப் புட்டி செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். விளக்குக்கு முன்னால் புட்டிகள் வரிசையாக வரும். கீறல் இருந்தால் எடுத்துப் போட வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது புட்டி. உட்கார்ந்த இடத்தில் வேலை, வெயில் இல்லை, மழை இல்லை என்பார் அப்பா. அத்தை சொல்வது ஒன்றுதான்: "பாட்டில் சிரிக்காது."

அவள் கதை சொன்னால் யாராவது சிரிக்க வேண்டும். கடிதத்தை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நகத்தால் நீவினாள். அவள் இவ்வளவு பத்திரமாக மடித்து நான் பார்த்தது அந்த ஒரு காகிதத்தைத்தான்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை மூவருக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். கேட்டு என்ன பயன், வெளியாட்களிடம் பேச எனக்கு வராது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே குப்பிகளோடுதான் பழக்கம். எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. கழுத்தில் இரண்டு கையையும் இழுத்துவிட்டால் அப்பா, அளவு நாடா போட்ட தையற்காரர். கன்னத்தில் விரலைக் குத்தித் திருகினால் அத்தை, குழிக்காக. இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்தால் நான்.

இவர்கள் கையால் பேசியதை நான் இங்கே எல்லோரும் பேசுகிற பேச்சில் எழுதுகிறேன். கையில் இதைவிட நன்றாக இருந்தது.

அப்பாவிடம் ஒரு வீடியோ கேமரா உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை கதை சொல்லும்போது அவர் படம் பிடிப்பார். ஐந்து வருடத்தில் ஒன்பது கேசட். மொத்தம் ஏழு மணி நேரத்துக்குப் பக்கம். அவற்றை டிஸ்க்கில் ஏற்றுவதற்காகவே போன வருடம் ஒரு ரெக்கார்டரும் வாங்கினார். வாங்கியதோடு சரி.

அன்று மாலை முதல் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். அத்தை கதையைத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் ஓடியது. சட்டென்று படம் சாய்ந்து, மேற்கூரை வந்தது. மின்விசிறி சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அத்தை. அடுத்து மேசைக்கால். மறுபடி அத்தை. மறுபடி மின்விசிறி.

காரணம் எளிது. அத்தை கதைக்கு நடுவில் ஆட்களைக் கேள்வி கேட்பாள். பதில் சொல்ல அப்பாவுக்கு இரண்டு கையும் வேண்டும். கேமராவை வைத்துவிட்டுத்தான் பேச முடியும்.

"அண்ணன் விட்டத்தையே படம் பிடிச்சிருக்கான்" என்றாள் அத்தை.

அப்பா அசரவில்லை. அந்த இடத்திலெல்லாம் தான் என்ன பதில் சொன்னோம் என்பது தனக்கு நினைவிருக்கிறது என்றும், அவை நல்ல பதில்கள் என்றும் சொன்னார்.

அவர் கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஏழு மணி நேரத்தில் கொஞ்சம் கழித்தால் ஆறு. ரெக்கார்டரில் நான்கு தரங்கள் இருக்கின்றன. ஒரே டிஸ்க்கில் ஒரு மணி நேரம், இரண்டு, நான்கு, ஆறு. ஆறு மணி நேரத்தில் வைத்தால் எல்லாக் கதையும் ஏறிவிடும். மற்ற மூன்று பேரும் ஒவ்வொரு கதை அனுப்புவார்கள், நாம் முப்பத்தோரு கதை அனுப்புவோம். துணி இருக்கும்போது பாவாடையை ஏன் குட்டையாகத் தைக்க வேண்டும்?

துணி அவ்வளவேதான் என்றேன் நான். டிஸ்க்கில் இருக்கும் இடம் மாறாது. நேரத்தை நீட்ட நீட்ட ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கிற துணி குறையும். ஒரு மணி நேரத் தரத்தில் படத்தின் குறுக்கே எழுநூற்றிருபது புள்ளிகள். ஆறு மணி நேரத்தில் அதில் பாதி. மேலிருந்து கீழாக உள்ள வரிகளிலும் பாதி. மலையைப் படம் பிடித்தால் பரவாயில்லை, மலை அசையாது. அத்தையின் விரல் அப்படியில்லை.

அப்பாவுக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. ஆனால் பாவாடை உதாரணம் அவருடையதாகவே இருந்ததால் பதில் சொல்லவும் முடியவில்லை.

அதற்குள் அடுத்த சிக்கல். அப்பா வாங்கி வைத்திருந்த டிஸ்க்குகளை எடுத்து வந்தார். பத்து டிஸ்க், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். கடையில் எத்தனையோ வகை இருந்தனவாம். உறை போட்டது இது ஒன்றுதான் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தாராம். உறை போட்ட எதையும் அப்பா நம்புவார். அது ராம் வகை. லட்சம் தடவை அழித்து எழுதலாம். எங்கள் ரெக்கார்டரில் ஓடும். வேறு வீட்டு இயந்திரத்தில் நுழைவதுகூடச் சந்தேகம்.

ஆக, பள்ளியில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் போன் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான்.

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போன் செய்தேன். அலுவலக எழுத்தர் எடுத்தார். என்ன வகை டிஸ்க் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

"டிஸ்க்குன்னா டிஸ்க்குதாம்மா. வட்டமா இருந்தா போதும்."

இதற்கு என் தாளில் பதில் இல்லை. இயந்திரத்தின் பின்னால் ஓர் எண் எழுதியிருக்கும், அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். போனார். இரண்டு தும்மல் கேட்டது. எண்ணோடு திரும்பி வந்தார். போன வருடம் யாரோ பிளஸ் போட்ட டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், இயந்திரம் வெளியே துப்பிவிட்டது என்று அவராகவே ஒரு தகவலும் தந்தார்.

எண்ணை வைத்துத் தேடினேன். பழைய இயந்திரம். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய மைனஸ் வகையைப் படிக்கும். பிளஸ்ஸைப் படிக்காது. எழுதி முடித்ததும் ஃபைனலைஸ் செய்து மூடிவிட வேண்டும்; மூடாவிட்டால் எந்த வெளி இயந்திரமும் படிக்காது. மறுநாள் வேலையிலிருந்து வரும்போது இரண்டு மைனஸ் வாங்கி வந்தேன்.

தரத்தைப் பற்றிய சண்டை மட்டும் தீரவில்லை. அப்பா ஆறில் நின்றார். அம்மா, நான்கு வைத்தால் அவருக்கும் சமாதானம், நமக்கும் சமாதானம் என்றாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. வாய் பேசுகிறவர்கள் பேசாமல் இருந்தால் அமைதி. அத்தை கையை மடியில் வைத்திருந்தால் பயம்.

வாதம் வேண்டாம், அளந்து பார்க்கலாம் என்றேன்.

அத்தையை நிற்க வைத்து எண்பது சொற்களை வேகமாகச் சொல்லச் சொல்லிப் படம் பிடித்தேன். தரத்துக்கு இருபது வீதம் ராம் டிஸ்க்கில் ஏற்றினேன். பத்தில் ஒன்றுக்காவது வேலை கிடைத்தது. அதே சொற்களைத் திரும்பக் காட்டினால் நினைவில் வைத்துச் சொல்லிவிடுவார்கள் என்பதால் ஒவ்வொரு தரத்துக்கும் வேறு இருபது. அப்பாவையும் அம்மாவையும் டிவிக்கு முன்னால் உட்கார வைத்து ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தேன்.

ஆறு மணி நேரத் தரத்தை முதலில் போட்டேன். திரையில் இருந்தது அத்தைதான், ஆனால் கை கரண்டியாகிவிட்டது. ஐந்து விரலும் ஒட்டிப்போய் இப்படியும் அப்படியும் துழாவின. புருவம் காணவில்லை. எங்கள் பேச்சில் கேள்வி இருப்பது புருவத்தில். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்தார். பிறகு அம்மாவின் தாளை எட்டிப் பார்த்தார். அம்மா தாளைக் கையால் மறைத்தாள்.

"கட்டினவகிட்டயே காப்பி அடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

இருபதில் நான்கு. அதுதான் அப்பாவின் மதிப்பெண். நான்கு மணி நேரத் தரத்தில் பதினொன்று. இரண்டு மணி நேரத் தரத்தில் பதினேழு. ஒரு மணி நேரத் தரத்தில் இருபதுக்கு இருபது. அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. அட்டவணை போட்டு மேசையில் வைத்தேன்.

பதினேழு நல்ல மதிப்பெண்தான், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா இறங்கி வந்தார். அப்போதுதான் அத்தை கையை மடியிலிருந்து எடுத்தாள்.

"இருபதுல மூணு சொல்லு போகுது. எந்த மூணுன்னு தெரியுமா? வேகமா சொல்ற மூணு. நான் வேகமா சொல்றது சிரிக்கிற எடத்துல மட்டும்தான்."

ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று. ஏழு மணி நேரத்தில் மிச்சமெல்லாம் வீட்டுக்கு, ராம் டிஸ்க்கில், ஆறு மணி நேரத் தரத்தில் ஏற்றலாம் என்று அம்மா அப்பாவைத் தேற்றினாள்.

"உங்க விட்டத்துக்கு அந்தத் தரம் போதும்."

முப்பத்தொன்றில் மூன்று கதைகள் வேண்டும். குஞ்சுகளை எண்ணத் தெரியாத கோழியின் கதை கிடைத்தது; அன்று அப்பாவுக்குக் காய்ச்சல், பதில் சொல்லத் தெம்பில்லாததால் கேமரா அசையவே இல்லை. காற்றில் பறந்துபோன குடையின் கதையும் நன்றாக இருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். நெரிசலான பஸ்ஸில் ஒரு நடத்துனர். அவருக்கு இரண்டு கை, ஐந்து வேலை. கம்பியைப் பிடிக்க வேண்டும், சீட்டுக் கிழிக்க வேண்டும், சில்லறை கொடுக்க வேண்டும், தொப்பியைக் காப்பாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காது கேளாத பயணி ஒருவர் கையால் வழி கேட்கிறார். அத்தை சொன்னதிலேயே சிறந்தது அதுதான். பதினான்கு நிமிடக் கதையில் ஏழு இடங்களில் மின்விசிறி.

மறுபடி எடுக்கலாம் என்றேன். லென்ஸைப் பார்த்துக் கதை சொல்ல வராது, முகம் வேண்டும் என்றாள் அத்தை. அப்பாவையும் அம்மாவையும் எதிரில் உட்கார வைத்தோம். கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். எனக்குக் காது கேட்கும், படித்திருக்கிறேன், பதற்றப்படாமல் பிடிப்பேன் என்று அப்பாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

அப்பா இந்தக் கதையை இதற்குமுன் கேமராவின் சின்னச் சாளரத்தில்தான் பார்த்திருக்கிறார். இப்போது முழுசாகப் பார்த்தார். தொப்பி விழும் இடத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நடத்துனராக நின்ற அத்தை என் பக்கம் திரும்பினாள். புருவத்தை உயர்த்தி, நீங்க எங்கே இறங்கணும் என்று கேட்டாள்.

கேமராவை மடியில் வைத்துவிட்டு, அடுத்த நிறுத்தம் என்று இரண்டு கையாலும் பதில் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா கைதட்டினார். கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது விநாடி என் பாவாடையின் நீலப்பூ. நல்ல கூர்மையான படம். ஒவ்வொரு இதழும் தெரிந்தது. அப்பா அதை மூன்று தடவை போடச் சொன்னார்.

அடுத்த தடவை, இஸ்திரி மேசையின் மேல் துணிச் சுருள்களை அடுக்கி, அதன் மேல் கேமராவை வைத்தேன். அத்தையின் கை எவ்வளவு தூரம் விரியும் என்று அப்பா நாடாவால் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். நான் என் இரண்டு கையின் மேலும் உட்கார்ந்துகொண்டேன். அத்தை கதையில் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டாள். கை நிறையச் சாமான்களோடு வரும் கூச்சக்காரப் பெண். யாராவது ஏதாவது கேட்டால் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுப் பதில் சொல்வாள். முட்டைகளைக்கூட. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்று கதையும் சேர்த்து ஐம்பத்திரண்டு நிமிடம். மைனஸ் டிஸ்க்கில் ஏற்றினேன். ஃபைனலைஸ் செய்தேன். பக்கத்துத் தெருப் போட்டோ கடையில் ஒரு பழைய பிளேயர் இருந்தது. அதில் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஓடியது. விரல் தெரிந்தது. வியாழக்கிழமை அனுப்பினோம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எழுத்தர் போன் செய்தார்.

"உங்க டிஸ்க்கு பழுதும்மா. படம் வருது, சத்தம் வரல. நானும் திருகிப் பாத்துட்டேன். மத்த மூணும் நல்லாருக்கு. மூணு மணிக்குப் பசங்களுக்குப் போடணும். உங்களோடத எடுத்துத் தனியா வெச்சிருக்கேன்."

நான் ரெக்கார்டரைத் திரும்பிப் பார்த்தேன். கேமராவிலிருந்து ஒரு மஞ்சள் கம்பி மட்டும் அதற்குப் போயிருந்தது. மஞ்சள் படத்துக்கு. சத்தத்துக்கான சிவப்புக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் சொருகப்படவில்லை. தேடினேன். ஜன்னல் திரைச்சீலையை ஒதுக்கி, சிவப்பும் வெள்ளையுமாக அழகான முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அப்பாவின் முடிச்சு. வாங்கிய அன்றே, இந்த இரண்டுக்கும் வேலை இல்லை என்று எடுத்துக் கட்டியிருக்கிறார். ஒரு வருடமாகத் தினமும் அந்தத் திரையை நான்தான் இழுத்துவிடுகிறேன். ஒன்பது கேசட்டையும் பார்த்தேன், எண்பது சொல்லை நான்கு தரத்தில் அளந்தேன், போட்டோ கடையிலும் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை என்பது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு டிவியில் சத்தம் வைத்து யாரும் பார்த்ததில்லை. நானும்தான்.

அத்தை எதிரில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதையும் மறைக்க எனக்குத் தெரியாது. அவள் கை மெல்ல இறங்கியது.

எழுத்தர், சரிம்மா போன வெச்சிடறேன் என்றார்.

"வெக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அது பழுது இல்லீங்க. நாங்க சத்தம் போடல. எங்க அத்தைக்குக் காது கேக்காது. பாக்கப்போற பசங்களுக்கும் கேக்காது. அதுல சத்தம் எதுக்குங்க?"

"இல்லம்மா, மத்தவங்கல்லாம் பின்னாடி பாட்டு வெச்சு, நல்லா—"

நிறுத்திவிட்டார்.

"ஆறு வருஷமா இந்த ஸ்கூல்ல வேலை பாக்கறேன்" என்றார் பிறகு, தணிந்த குரலில். "சத்தத்த கூட்டிக் கூட்டிப் பாத்தேன்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று கேட்டார். உங்கள் விருப்பம், படம் மட்டும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள் என்றேன். பெரிய டிவியில் போடுகிறேன் என்றார்.

நடந்ததை அத்தையிடம் சொன்னேன். கம்பியைக் காட்டினேன். அப்பா திரைச்சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குற்றம் தன்னுடையதா என்று புருவத்தால் கேட்டார். முடிச்சு நன்றாக இருக்கிறது என்றேன். மூன்று மணியிலிருந்து அத்தை சமையலறையில் ஏற்கனவே கழுவிய தம்ளர்களைக் கழுவினாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்த்தாள்.

நாலே முக்காலுக்குப் போன் வந்தது. இந்த முறை தலைமை ஆசிரியை. அவர் பேசுவதைவிடப் பின்னால் இருந்த சத்தம் பெரிதாக இருந்தது. தரையைக் காலால் உதைக்கிற சத்தம், பலகையை அடிக்கிற சத்தம், நடுவில் கீச்சென்ற சிரிப்பு.

"கேக்குதாம்மா? பஸ் கதைய மூணாவது தடவையா போட்டிருக்கோம். நிறுத்தினா சண்டைக்கு வர்றாங்க. அதுல ஒண்ணு முட்டையக் கீழ போடற பொண்ணு மாதிரியே புத்தகத்தெல்லாம் போட்டுட்டுத் திரியுது. உங்க அத்தை எப்ப வருவாங்க?"

அத்தையிடம் சொன்னேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துள்ளவில்லை, அழவில்லை. நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

"மொத்தம் எத்தன பேர்? எத்தன பேர் சிரிச்சாங்க?"

அப்படியே கேட்டேன். தலைமை ஆசிரியை போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு எண்ணப் போனார். இருபத்தெட்டுப் பேர். இருபத்தாறு பேர் சிரிக்கிறார்கள். ஒருவன் இடம் கிடைக்கவில்லை என்று கோபமாக இருக்கிறான். இன்னொருத்தி பள்ளியில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது, சைகை இன்னும் பழகவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதையும் அத்தையிடம் சொன்னேன். அப்பா, பாஸ் மதிப்பெண்ணைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை.

"திங்கக்கிழமையே வர்றேன்னு சொல்லு" என்றாள். "அந்த நாலு நாள் பொண்ண முன் வரிசையில உக்கார வைக்கச் சொல்லு."